கதைக்காத இருவரோடு ஒரு கிழமை

என் கணவரும் அவருடைய அண்ணனும் ஆறு வருடமாகக் கதைப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைப்பிரஸுக்குப் போய் ஒரு கிழமை, ஏழு நாள், கடலில் குளித்து, வத்தகப்பழம் சாப்பிட்டு, பகலில் நித்திரை கொண்டு வந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத அந்த இரண்டு பேரும்தான் குறுக்கே வந்து நிற்கிறார்கள்.

நாங்கள் இருப்பது பிளேஸ்டோவில். அண்ணன்காரர் ஃபாரஸ்ட் கேட்டில். அவரை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். மன்னாரில் ஒரே வீட்டில் பிறந்து, ஒருவர் ஜேர்மனிக்கும் மற்றவர் பிரான்ஸுக்கும் போய், பிறகு பிள்ளைகளின் படிப்புக்காக லண்டனுக்கு வந்து, நடந்து போகிற தூரத்தில் தேடித் தேடி வீடு எடுத்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் முகம் பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபட வேண்டும் தெரியுமா? கதைபேச்சில்லாமல் இருப்பது எங்கள் ஆட்களுக்கு ஒரு முழுநேர வேலை. அத்தான் காலைப் பூசைக்குப் போனால் நாங்கள் பின்னேரப் பூசைக்குப் போக வேண்டும். செத்தவீட்டில் அவர் முன்கதவால் வந்தால் இவர் பின்கதவால் வெளியேற வேண்டும். அவர் சனிக்கிழமை எந்தக் கடையில் மீன் வாங்குவார் என்று தெரிந்து வைத்திருந்து, அதே கடையில் இவர் திங்கட்கிழமை பழைய மீன் வாங்க வேண்டும். அந்தப் பழைய மீனை ஆறு வருடம் சமைத்தவள் நான்.

சண்டை தொடங்கியது அந்தோனியார் திருநாளில். எங்கள் பகுதித் தமிழ்க் கத்தோலிக்கர் எல்லோரும் சேர்ந்து வருடாவருடம் அந்தத் திருநாளைச் செய்வோம். சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு கோவிலைச் சுற்றி வருகிற பவனியைக் காலையில் வைப்பதா பின்னேரம் வைப்பதா என்று அந்த வருடம் குழு இரண்டாகப் பிளந்தது. இன்று கேட்டால் யார் காலை, யார் பின்னேரம் என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. அத்தான் குழுவின் தலைவர். என் கணவர் மின்சார வேலை செய்பவர், ஆனபடியால் லைட்டும் ஒலிபெருக்கியும் அவர் பொறுப்பு. மற்றப் பக்கம் சொல்வதுதான் சரி என்று சொல்லிவிட்டு இவர் எழுந்து கதவுப் பக்கம் நடந்தார். அப்போதுதான் அத்தான் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"போகட்டும். அண்டைக்கும் என்னை விட்டிட்டுத் திரும்பிப் பாக்காமல் போனவன்தானே."

'அண்டைக்கு' என்றால் எந்த நாள் என்று அந்த மண்டபத்தில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இரண்டு பேரும் பஸ்ஸில் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அத்தானுக்கு இருபத்துமூன்று வயது, இவருக்குப் பத்தொன்பது. வழியில் சோதனைச்சாவடி. அந்த நாட்களில் எல்லோரும் பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆண்கள் வேறு பெண்கள் வேறாக வரிசையில் நடந்து, அந்தப் பக்கத்தில் திரும்ப ஏற வேண்டும். இவரை விட்டார்கள். அத்தானை மறித்தார்கள். இவர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அத்தான் மூன்று மாதம் கழித்து வெளியே வந்தார். எப்படி வந்தார் என்பதை நான் எழுதப் போவதில்லை.

இதைப் பற்றி என் கணவர் என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால், ஒருக்காலாவது திரும்பிப் பார்த்திருக்கலாமே என்று நானும் மனதுக்குள் நினைத்ததுண்டு. இருபத்தெட்டு வருடம் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் படுத்து எழும்பிய மனிதரைப் பற்றி அப்படி நினைத்திருக்கிறேன் என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. மண்டபத்தில் இருந்து வந்த அன்று அவர் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் கட்டிலில் இருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். ஆறிப்போனபின் எடுத்து ஊற்றினேன்.

அத்தானின் மகளுக்கு வருகிற செப்டம்பரில் கலியாணம். அவள் என் கையில் வளர்ந்த பிள்ளை. அவளைத் தோளில் வைத்துக்கொண்டு பூங்காவெல்லாம் திரிந்தவர் என் கணவர். வசந்த காலத்தில் ஒருநாள் வந்து என் குசினியில் நின்றாள். பாதி ஆங்கிலம், பாதி தமிழ்.

"சித்தி, சித்தப்பா வராத கலியாணத்திலை நான் எப்பிடிச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறது? ப்ளீஸ், ஏதாவது செய்யுங்கோ."

செய்தது அவளும் என் மகனும்தான். சைப்பிரஸில் ஆறு பேருக்கு ஒரு வீடு, ஒரு கிழமைக்கு எடுத்தார்கள். அத்தானுக்கு, 'நாங்கள் மூன்று பேர் போறம்' என்றார்கள் போலும். என் கணவருக்கும் அதே மூன்று பேர்க் கதைதான். எனக்கு மட்டும் எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே அவருக்கு அரைக்காற்சட்டையும் தொப்பியும் வாங்கிக் கொடுத்தேன். வஞ்சகம் என்றால் வஞ்சகம்தான். இன்னொருமுறை கேட்டாலும் செய்வேன்.

விமான நிலையத்தில் அத்தானையும் அவர் மனைவியையும் கண்டதும் என் கணவர் என் பக்கம் திரும்பினார்.

"நீர் தெரிஞ்சுகொண்டுதான் வந்தனீர்."

"ஓம்."

"திரும்பிப் போவம்."

"பெட்டியள் ஏத்தியாச்சு."

பெட்டி ஏற்றியாயிற்று என்றால் எங்கள் ஆம்பிளைகளுக்கு மறுபேச்சு இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். விமானத்தில் அவர் முன்வரிசை, அத்தான் கடைசி வரிசை. கழிப்பறை பின்னால் இருந்ததால் இவர் நாலரை மணித்தியாலமும் எழும்பாமல் இருந்தார்.

வீடு கடலில் இருந்து பத்து நிமிட நடை. முற்றத்தில் எலுமிச்சை காய்த்த ஒரு தேசி மரம், சின்னதாய் ஒரு நீச்சல் குளம், நீண்ட சாப்பாட்டு மேசை. வீட்டுக்காரியம்மா வந்து கதவுத் திறப்பைத் தந்துவிட்டுத் தீவின் வரைபடத்தை மேசையில் விரித்தார். குறுக்கே ஓடிய கோட்டை விரலால் காட்டி, இதற்கு இந்தப் பக்கம் கிரேக்கர், அந்தப் பக்கம் துருக்கியர், காரில் கோட்டைக் கடந்தால் எங்கள் காப்புறுதி அங்கே செல்லாது, எல்லையிலேயே புதிதாக எடுக்க வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். எனக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. அவர் விரித்த மேசையிலேயே ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தலைப்பில் அத்தான், மறு தலைப்பில் இவர், நடுவில் ஐ.நா. அமைதிப்படையின் நீலத்தொப்பி போடாத குறையாக நானும் அக்காவும். அத்தானின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவது.

முதல் நாள் சாப்பாடு இப்படி நடந்தது.

"உப்பு அங்காலை இருந்தா இஞ்சாலை தரச்சொல்லும்," என்றார் என் கணவர் என்னிடம்.

உப்பு அத்தானின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் அக்காவைப் பார்த்து, "உப்பு வேணுமாம், குடும்," என்றார். அக்கா எடுத்து என்னிடம் தந்தாள். நான் இவரிடம் கொடுத்தேன். இரண்டு கை மாறி வந்த உப்பை இவர் போடாமலே சாப்பிட்டார். பிள்ளைகள் இரண்டும் போனைப் பார்ப்பது போலப் பாவனை செய்துகொண்டு சிரித்தார்கள். எனக்கு அந்த உப்பை இரண்டு பேர் தலையிலும் கொட்ட வேண்டும் போல இருந்தது.

ஆனாலும் விடுமுறை விடுமுறைதான். வெயில் மனிதர்களை இளக்கிவிடும். காலையில் கடல், பகலில் நித்திரை, பின்னேரம் மீன் வாங்கி வந்து லண்டனில் இருந்து கொண்டுபோன தூளில் குழம்பு. அக்காவும் நானும் ஆறு வருடத்துக் கதையை மூன்று நாளில் கதைத்து முடித்தோம். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரோடொருவர் கோபிக்கவே இல்லை; புருஷன்மாருக்காகப் பேசாமல் இருந்தோம். எவ்வளவு விசர் வேலை என்று தேசி மரத்தடியில் இருந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஒருமுறை சிரித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா அழுதுவிட்டாள். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

நான் கவனிக்காத மாதிரி எல்லாவற்றையும் கவனித்தேன். இரண்டாம் நாள் அக்கா குழம்பை இறக்கும்போது அத்தான் குசினிக்குள் வந்து, "மீன் தலையை அங்காலை போற சட்டிக்குள்ளை போடும்," என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். தலை பிடிப்பது என் கணவருக்கு. சின்ன வயதில் இருந்தே அப்படியாம். மூன்றாம் நாள் கடலில் இவர் கொஞ்சம் ஆழத்துக்கு நீந்திப் போய்விட்டார். ஐம்பது அடி தள்ளிக் குடைக்குக் கீழே பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த அத்தான் எழுந்து நின்றார். இவர் திரும்பி இடுப்பளவு தண்ணீருக்கு வரும்வரை நின்றார். பிறகு உட்கார்ந்து பேப்பரை விரித்தார். பேப்பர் தலைகீழாக இருந்ததா என்று நான் பார்க்கவில்லை, ஆனால் ஒரு பக்கமும் புரட்டவில்லை. இவ்வளவு பாசத்தை உள்ளே வைத்துக்கொண்டு வாயை மட்டும் மூடி வைத்திருக்கிற ஆட்களோடு என்ன செய்வது?

ஐந்தாம் நாள் பிள்ளைகள் வடக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்றார்கள். அங்கே பழைய துறைமுகம் ஒன்றும் கோட்டை ஒன்றும் இருக்கிறதாம். எல்லையைப் பற்றி நான் கேட்டபோது மகன் சிரித்தான்.

"அம்மா, இட்ஸ் நத்திங். யன்னலாலை பாஸ்போர்ட்டை நீட்டினால் போதும்."

ஓம் ஓம் என்று தலையாட்டினோம். ஆனால் அன்று காலை அத்தானும் என் கணவரும், ஒருவருக்கொருவர் சொல்லாமலே, முகத்தை மழுங்கச் சவரம் செய்திருந்தார்கள். நாலு நாளாகத் தாடியோடு திரிந்தவர்கள். அத்தான் பழம் வெட்டுகிற சின்னக் கத்தியைச் சட்டைப் பையில் இருந்து எடுத்து மேசையில் வைத்தார். நானும் பெரிய ஆள் இல்லை. எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் இரண்டு பிரதி எடுத்து வந்திருந்தேன். அவற்றை என் கைப்பையில் ஒன்றும் அக்காவின் பையில் ஒன்றுமாக வைத்தேன். ஏன் என்று அக்கா கேட்கவில்லை.

ஏழு பேர் இருக்கக்கூடிய கார். மகன் ஓட்டினான், அத்தானின் மகள், என் பெறாமகள், பக்கத்தில். நடுவில் பெண்கள் நாங்கள், பின்னால் ஆண்கள் இருவரும், இடையில் குளிர்பெட்டி. தெற்கத்திய சாவடியில் யன்னலால் எட்டிப் பார்த்துக் கையசைத்து விட்டுவிட்டார்கள். கொஞ்சத் தூரம் ஆளில்லாத வெளி. பிறகு வடக்கத்திய சாவடி. சீருடை போட்ட ஒருவர் கையை உயர்த்தினார்.

கார் முழுதாக நிற்கவில்லை. அதற்குள் நான் கதவைத் திறந்துவிட்டேன். ஏன் திறந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் இறங்க, அக்கா இறங்க, பின்னால் இருந்த இரண்டு பேரும் இறங்கினார்கள். ஒருவரும் சொல்லவில்லை. பெண்கள் நாங்கள் இடப்பக்கம் போய் நின்றோம். ஆண்கள் வலப்பக்கம். நாலு பேர் கையிலும் பாஸ்போர்ட், படம் இருக்கிற பக்கம் விரித்து நெஞ்சுக்கு நேரே. உள்ளே இருந்த பிள்ளைகள் வாயைத் திறந்தபடி எங்களைப் பார்த்தார்கள். "அம்மா, என்ன செய்யிறீங்கள்? கெட் பாக் இன்!" என்று மகன் கத்தினான். அது காதில் விழுந்தது. கால்தான் அசையவில்லை.

வலப்பக்கத்தில் நடந்து கடக்கிறவர்களுக்கான யன்னல் இருந்தது. அத்தான் அங்கே வரிசையில் நின்றார். என் கணவர் உடனே அவருக்குப் பின்னால் போகவில்லை. முதுகில் பையோடு வந்த இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகளை முன்னே விட்டு, அவர்களுக்குப் பின்னால் நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே வந்துமா? இந்த இடத்தில்கூடப் பக்கத்தில் நிற்க ஏலாதா?

சீருடைக்காரர் இளம் ஆள், நல்ல முகம். என்ன நடக்கிறதென்று விளங்காமல் சிரித்துக்கொண்டே வந்து அத்தானின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு என் கணவருடையதை வாங்கினார். இரண்டையும் அருகருகே பிடித்தார். இரண்டிலும் ஒரே தகப்பன் பெயர், பிறந்த ஊர் ஒன்று, மூக்கு ஒன்று.

"இவர் உங்கள் ஆளா?" என்று அத்தானைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டார். "ஒன்றாக வந்தீர்களா?"

"இல்லை," என்றார் என் கணவர். "எனக்கு இவரைத் தெரியாது."

அந்த இளைஞரின் சிரிப்பு நின்றது. காரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், உள்ளே திரும்பி இன்னொருவரைக் கூப்பிட்டார். பெறாமகள் காருக்குள் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். எனக்கு இவரைப் போய் உலுக்க வேண்டும் போல வந்தது. இரண்டடி வைத்தேன்.

அப்போதுதான் அவருடைய கையைக் கண்டேன். பாஸ்போர்ட்டைக் கொடுத்த பின்னும் அது நெஞ்சுக்கு நேரே அப்படியே விரிந்திருந்தது. கண் நிலத்தில். தோள் இரண்டும் உள்ளே ஒடுங்கி இருந்தன. வீம்புக்கு நிற்கிற மனிதரை எனக்குத் தெரியும். ஆறு வருடம் பார்த்திருக்கிறேன். இது அந்த நிலை இல்லை. பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருவன் யாரோ சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்புவித்துவிட்டு நிற்கிறான். நான் நின்றுவிட்டேன்.

அத்தானும் அதைக் கண்டிருக்க வேண்டும். அவர் வரிசையை விட்டுத் திரும்பி வந்தார். வெள்ளைக்காரப் பிள்ளைகளை விலக்கிக்கொண்டு வந்து என் கணவரின் தோளைப் பிடித்தார். பிடித்த பிடியில் சட்டை கசங்கியது.

"இது என்னுடைய தம்பி," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "என்னுடைய சொந்தத் தம்பி. என்னோடைதான் வந்தவர்." அது போதாது போல, தமிழில், அந்தத் துருக்கிக்காரப் பிள்ளைக்கு விளங்கும் என்று நம்புகிறவர் மாதிரித் திரும்பத் திரும்பச் சொன்னார். "என்ர தம்பி. இவன் என்ர தம்பி."

சீருடைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பாஸ்போர்ட்டுகளை மூடி அத்தானின் கையில் கொடுத்தார். ஒருவரும் காரை விட்டு இறங்கத் தேவையில்லை, ஓட்டுகிறவர் மட்டும் அந்தக் கூண்டில் போய்க் காப்புறுதி எடுத்தால் போதும் என்று தன்மையாகச் சொன்னார். எங்களைக் காரில் ஏற்றிவிடத் தானே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

துறைமுகம் போகும்வரை பிள்ளைகள் பாட்டுக்கூடப் போடவில்லை. தண்ணீர்க் கரையில் ஒரு தேநீர்க் கடை. மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். சின்னக் கோப்பையில் கட்டிக் கோப்பி, ஒரு தட்டு நிறைய வத்தகப்பழம், உப்புப் பாற்கட்டி. ஒருவரும் தொடவில்லை.

அத்தான்தான் தொடங்கினார். அக்காவிடம் இல்லை, என்னிடம் இல்லை. நேரே தம்பியின் முகத்தைப் பார்த்து.

"நான் அண்டைக்குச் சொன்னதைத்தான் இண்டைக்கும் செய்தனீ, என்ன?"

என் கணவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"என்னப்பா சொன்னனீங்கள்?" என்றாள் அக்கா.

அத்தான் எங்களைப் பார்த்தார். "பஸ்ஸிலை ஏற முதல் நான்தான் இவனுக்குச் சொன்னனான். ரெண்டு பேரும் ஒண்டாப் போகக்கூடாது, இடையிலை ஆக்களை விட்டிட்டு வா எண்டு. கேட்டால் என்னைத் தெரியாதெண்டு சொல்லு. என்னை மறிச்சால் நிக்காதை. திரும்பிப் பாக்காதை. பாத்தா உன்னையும் பிடிப்பாங்கள் எண்டு."

எனக்குக் கோபம் வந்தது. பெரியவர் என்றும் பார்க்காமல் கேட்டுவிட்டேன். "அப்ப ஏன் அத்தான் அத்தினை பேருக்கு முன்னாலை மண்டபத்திலை அப்பிடிச் சொன்னனீங்கள்? ஆறு வருஷம் இந்த மனுசன் என்ன பாடு பட்டவர் எண்டு தெரியுமே?"

அவர் கோபிக்கவில்லை. கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தார்.

"பாக்காதை எண்டு நான்தான் சொன்னனான், பிள்ளை. ஆனா இவன் பாப்பான் எண்டு நினைச்சுக்கொண்டு நிண்டனான். இவன் போறதையே பாத்துக்கொண்டு நிண்டனான். ஒருக்காத் திரும்புவான், ஒருக்காத் திரும்புவான் எண்டு. பிறகு என்னைச் சுவர்ப்பக்கம் திருப்பிப்போட்டாங்கள். அந்த மூண்டு மாசமும் எனக்கு அதுதான் கண்ணுக்குள்ளை நிண்டது. இவன்ர முதுகு."

என் கணவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத் தொடங்கினார்.

"அதுக்குப் பிறகுதான் அண்ணை நான் திரும்பினனான். பஸ்ஸின்ர மிதிபலகையிலை ஒரு காலை வைச்சுக்கொண்டு பாத்தனான். உங்களைச் சுவரைப் பாத்து நிக்க விட்டிருந்தாங்கள். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அத்தான் எழுந்து மேசையைச் சுற்றி வந்து, தம்பிக்குப் பக்கத்துக் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். அவர் முகம் முழுக்க நனைந்திருந்தது, துடைக்கவில்லை.

"எவ்வளவு நேரம் பாத்தனீ?"

"பஸ் வளைவிலை திரும்புமட்டும்."